கங்காணி பொறுக்கிய நண்டுகள்

கடலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது. அதன் உச்சியில்தான் பிறந்தேன், அங்கேயே இன்னும் சம்பளம் வாங்குகிறேன். வருஷம் முழுக்க ஸ்வெட்டரும் காதை மூடும் தொப்பியுமாகத் தேயிலைக்குள் அலைகிற ஆசாமி கடல் மீன்பிடிப்பைப் பற்றி எழுதுவதா என்று நீங்கள் கேட்கலாம். என்னைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். எனக்குத் தெரியாத விஷயங்களைப் பற்றித்தான் நான் நன்றாகப் பேசுவேன் என்பது கம்போங் ராஜா ஊர் வரைக்கும் பிரசித்தம். தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்க யாருக்கும் பொறுமை கிடையாது.

அந்த ஒன்று, கொழுந்து. நான் தோட்டத்தில் கங்காணி. பறித்த இலை லாரியில் ஏறுவதற்கு முன்னால் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, தண்டை விரலால் ஒடித்துப் பார்ப்பது என் உத்தியோகம். படக்கென்று ஒடிந்தால் இளசு. வளைந்து நார் விட்டால் முத்தல். இளசு தொழிற்சாலைக்குப் போகும், முத்தல் தரைக்குப் போகும். இப்போது பறிப்பதெல்லாம் இயந்திரம். அதற்கு இளசும் தெரியாது, முத்தலும் தெரியாது. இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பங்களாதேஷ் தம்பிகளை நான் தமிழில் திட்டுவேன். அவர்கள் மலாயில் சமாதானம் சொல்வார்கள். முத்தல் இலை இரண்டு மொழியும் புரியாமல் மூட்டையிலேயே கிடக்கும்.

இந்த வேலை கையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, புத்திக்கும் ஏறிவிட்டது. எதைக் கண்டாலும் அமுக்கிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் பீன்ஸ் விற்கிற அம்மா என்னைத் தூரத்தில் கண்டாலே கூடையை இழுத்து மூடிவிடுவாள். உறவுக்காரர் வீட்டில் முறுக்கு வைத்தால்கூட ஒடித்துச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுவேன். உலகத்தில் மெத்தென்று இருப்பதெல்லாம் உயர்ந்தது, கெட்டியாக இருப்பதெல்லாம் கழிசல். இதுதான் எனக்குத் தெரிந்த தத்துவம். இதை வைத்துக்கொண்டுதான் கடலுக்குப் போனேன்.

போக வேண்டி வந்தது என் மகளால். அல்ல, என் தலையால்.

மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண் பார்ப்பது என்பது ஒரு பேச்சுக்குத்தான். மகளும் அந்தப் பையனும் ஈப்போவில் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்து முடித்திருந்தார்கள். பார்க்க மிச்சமிருந்தது சம்பந்திகள் நாங்கள்தான். பையனின் அப்பாவுக்கு லுமுட் பக்கம், கடலோரத்தில் இரும்புச் சாமான் கடை. நல்ல உயரம். வந்து உட்கார்ந்தவர் வாயைத் திறக்கவில்லை. டீ கொடுத்தோம், கையில் வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. முகம் கல்லில் அடித்தது மாதிரி இருந்தது.

ஒரு மனிதர் சிரிக்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். கையிருப்பில் இருந்த ஜோக்குகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். எங்கள் தோட்டத்துத் துரை அட்டைப்பூச்சிக்குப் பயந்து ஜீப்பின் கூரையில் ஏறிய கதையைச் சொன்னேன். என் மனைவியே சிரிக்கிற கதை அது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் பையனின் அம்மாதான் பரிதாபப்பட்டு, "அவருக்கு மீன் பிடிக்கிறதுன்னா உயிருங்க. ஞாயித்துக்கெழம ஆனா வீட்டுல இருக்க மாட்டாரு" என்றார்.

"அட, நானும் மீன் பிடிப்பேனே!" என்றேன்.

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. என் மனைவிதான். சம்பந்தி கண்ணைத் திறந்தார்.

"நீங்களுமா? மலையில எங்க?"

"ஆத்துல, டேமுல. கடலுக்கும் போறதுதான்."

என் கடல் அனுபவம் என்பது பினாங்கில் ஒரு தடவை பேண்டை மடித்துவிட்டு முட்டி வரைக்கும் நனைந்தது.

"நண்டு இரை போட்டுப் பிடிச்சிருக்கீங்களா?"

"அதுலதான் சம்பந்தி நம்ம ஸ்பெஷலே!"

அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவு தெரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோது அவர் மெல்ல, "கல்யாணத்த எங்க ஊர்லயே வச்சிடுவோமா? மண்டபம் பெருசு. கார் நிறுத்த எடமிருக்கு. ஏர்கான் இருக்கு" என்றார்.

தலையாட்டினேன். சும்மா இல்லை, பலமாக ஆட்டினேன். ஆண்டவனே மலைக்கு ஏர்கான் போட்டுக் கொடுத்திருக்கிறான், அதில் பிறந்து வளர்ந்தவன் நான். ஏர்கான் மண்டபம் என்றதும் வாயைப் பிளந்துகொண்டு தலையாட்டினேன்.

அவர்கள் வண்டி கிளம்பியதும் மகள் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"ப்பா, ஏர்கானுக்கா தலையாட்டினீங்க?"

"கேட்ட மரியாதைக்கு ஆட்டினேம்மா."

"நம்ம தோட்டத்து லயத்து வீடுங்கள்ல உள்ளவங்க எப்படிப்பா வருவாங்க? இலை அதிகமா வர்ற மாசம். தொர எத்தன பேருக்கு லீவு குடுப்பாரு? அம்மா வேலைக்குப் போனப்ப ஆயா கொட்டாயில என்னத் தூக்கிப் பாத்துக்கிட்டாங்களே, அந்த ஆயாவ வண்டியில ஏத்துனா மொத வளைவுலயே மயங்கி விழுந்துருவாங்க. இவங்க யாரும் இல்லாம ஏர்கான் மட்டும் வந்து அட்சதை போடுமா?"

"சரி, போன்ல பேசி மாத்திடறேன்."

"போன்ல நீங்க ஜோக் அடிச்சிட்டு வச்சிடுவீங்க. அவர்கிட்டச் சொல்லிப் பாத்தேன். 'பெரியவங்க பேசுனத நான் மாத்த முடியாது, உங்கப்பா வந்து எங்கப்பாகிட்ட சொல்லட்டும்'ங்கறாரு. நேர்ல போங்க. நம்ம மாரியம்மன் கோயில்லதான் எனக்குத் தாலி ஏறணும். இல்லன்னா..."

இல்லாவிட்டால் என்ன என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என்னிடமிருந்து வந்தது மூக்கு மட்டும்தான். பிடிவாதம் அம்மாவுடையது. அதனால் பயந்தேன்.

சொல்லிவைத்த மாதிரி அந்த வாரமே சம்பந்தி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை படகு தயார், வாருங்கள், இரையை நான் வாங்கிவிடுகிறேன் என்றார்.

"சேச்சே! இரை என் பொறுப்பு சம்பந்தி. பொண்ணு வீட்டுச் சீர்னு வச்சிக்குங்க."

போனை வைத்ததும் மனைவி சொன்னாள்: "ஏங்க, ஊர்ல தட்டு தட்டா பழமும் புடவையும் சீர் கொண்டு போவாங்க. நீங்க நண்டக் கொண்டு போங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா வாயத் தொறந்தா கோயில் விஷயத்த மட்டும் பேசுங்க. ஒரே ஒரு நாள்."

லெம்பா பெர்த்தாமிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்குகிற லாரியில் தொற்றிக்கொண்டேன். தொழிற்சாலை மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய தூண்டில் ஒன்று, மழைக்கோட்டு, முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ், ஸ்வெட்டர். கீழே இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். கழற்றிய பிறகும் கோஸ் வாசம் என்னை விட்டுப் போகவில்லை.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் இரை விற்றுக்கொண்டிருந்தார். இறால், கணவாய், ஒரு பெரிய கூடை நிறைய உள்ளங்கை அளவு நண்டு. சீர் என்று வாயால் சொல்லியாகிவிட்டது. சீரில் கழிசல் இருந்தால் பெண் வீட்டு மானம் போய்விடும். கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தேன். ஒரு நண்டை எடுத்து முதுகை அமுக்கினேன். கல்லு மாதிரி இருந்தது. முத்தல். தூக்கிப் போட்டேன். அடுத்தது, அதுவும் முத்தல். இப்படியே போய், கூடையின் ஓரத்தில் தனியாக ஒரு டப்பாவில் கிடந்ததைத் தொட்டேன். ஆகா! அமுக்கினால் உள்ளே போய் வெளியே வந்தது. பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு இறுகாமல் கிடக்கிற நண்டு. கொழுந்தென்றால் இதுதான் கொழுந்து.

"லெம்பூட்" என்றார் கடைக்காரர், மெத்தென்று இருக்கிறது என்று எச்சரிக்கிற குரலில். தூண்டிலில் நிற்காது, கழன்று விழுந்துவிடும் என்று கையால் காட்டினார்.

நான் அவருக்கு மலாயில் தேயிலையைப் பற்றி ஒரு பாடம் எடுத்தேன். மெத்தென்று இருப்பதை எதற்குப் பறிக்க வேண்டும், முற்றியதை ஏன் தரையில் போட வேண்டும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையில் எல்லா ரக ஆட்களும் வருவார்கள் என்று தெரிந்த முகம். டப்பாவை அப்படியே என் வலைப்பையில் கவிழ்த்தார்.

இதற்கிடையில், நான் தூக்கி எறிந்த முத்தல்களில் ஒன்று என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டது. உதறியதில் அது வலைப்பையின் மேல் போய் விழுந்து, கண்ணியில் கொடுக்கை மாட்டிக்கொண்டு தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு அதன் சொந்தக்கார நண்டு ஒன்றும் கூடவே தொங்கியது. எடுக்கலாம் என்று கையை நீட்டினேன். இரண்டும் கொடுக்கைத் தூக்கிக் காட்டின. தொங்கட்டும், பெரிய தோட்டத்து மூட்டையிலேயே ஒன்றிரண்டு முத்தல் இருக்கத்தான் செய்கிறது என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

சம்பந்தி படகில் இருந்தார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மழைக்கோட்டைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார்.

"மருந்தடிக்கப் போறீங்களா சம்பந்தி?"

அது ஜோக்கா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

சின்ன ஃபைபர் படகு. நாங்கள் இருவர்தான். அவருடைய தூண்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சை வெல்வெட் உறையிலிருந்து அதை உருவினார். மகன் ஜாதகத்தைக்கூட மனிதர் அப்படி உறை போட்டு வைத்திருக்க மாட்டார். ரீலை ஒரு துணியால் துடைத்தார், அந்தத் துணியை இன்னொரு துணியில் மடித்து வைத்தார். ஒரு பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, "இனிமே சத்தம் போடக் கூடாது. மீனுக்கு ஆகாது" என்றார்.

மீனுக்கு ஆகாதது சத்தம். எனக்கு ஆகாதது மௌனம். இரண்டு பேரில் யார் முதலில் செத்து மிதக்கப்போகிறோம் என்று யோசித்துக்கொண்டே முதல் நண்டைக் கொக்கியில் குத்தினேன். அருமையாக இறங்கியது. எழுந்து நின்று பாறைப் பக்கம் வீசினேன். கொக்கி ஒரு பக்கம் போய் விழுந்தது, நண்டு அதைவிடத் தூரமாக வேறொரு பக்கம் போய் விழுந்தது. சம்பந்தி திரும்பிப் பார்த்தார். "டெஸ்ட்" என்றேன்.

அடுத்த நண்டும் அதே மாதிரி பறந்தது. அதற்கடுத்ததை வீசாமல் படகின் ஓரமாக மெல்ல இறக்கினேன். கீழே போவதற்குள் நூலில் கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று துடிப்பு. பாய்ந்து இழுத்தேன். வெறும் கொக்கி, துடைத்து வைத்தது மாதிரி பளபளவென்று வந்தது. அப்படியே பலமுறை. கடலில் உள்ள பொடி மீன்களுக்கெல்லாம் நான் அன்னதானம் நடத்திக்கொண்டிருந்தேன். இதில் மெக்கானிக்கின் ரீல் வேறு கைப்பிடி கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது.

சம்பந்தி தன் தூண்டிலை வைத்துவிட்டு என் வலைப்பையைத் திறந்தார். உள்ளே பார்த்தார். ஒன்றை எடுத்து அமுக்கினார். இன்னொன்றை எடுத்து அமுக்கினார்.

"என்ன சம்பந்தி இது?"

"நண்டு."

"நண்டுதான். எல்லாம் ஏன் ரொட்டி மாவு மாதிரி இருக்கு?"

"பொறுக்கி எடுத்ததுல்ல! ஒரு முத்தல் கெடையாது. எங்க தொர பாத்தா கைய புடிச்சிக் குலுக்குவாரு."

"ஒங்க தொர குலுக்குவாரு. மீனு குலுக்காதே."

பிறகு அந்த மனிதர், பெண் பார்க்க வந்த அன்று மொத்தமாகப் பேசியதைவிட அதிகமாகப் பேசினார். "இது ஓடு கழட்டுனது. வாசம் நல்லாத்தான் இருக்கும், மீனுக்குப் புடிக்கும், இல்லேங்கல. ஆனா நூலு சுத்திக் கட்டணும், அப்பவும் வீசினா நிக்காது. கீழ போனா சில்லற மீனு பிச்சித் தின்னுடும். கெட்டி ஓடுன்னு வைங்க, சில்லறையெல்லாம் வாய வச்சிப் பாத்துட்டுப் போயிடும். பெரிய வாய்க்காரன் ஒருத்தன் வருவான். வந்து ஓட்டோட நொறுக்குவான். நமக்கு வேண்டியது அவன்தான். முத்தல் ஒண்ணுகூடவா எடுக்கல?"

முற்றியதற்கு மரியாதை இருக்கிற ஒரு தொழில் உலகத்தில் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என் வயதுக்கு இதுவல்லவா ஏற்ற தொழில், அநியாயமாகக் கொழுந்தில் காலத்தைக் கழித்துவிட்டேனே என்று தோன்றியது. பையின் வெளியே விரலால் காட்டினேன். கொஞ்சம் தள்ளி நின்றே காட்டினேன்.

என்னைக் கடித்தவனும் அவன் சொந்தக்காரனும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

சம்பந்தி கடித்தவனைப் பின்பக்கமாகப் பிடித்தார். அது காற்றில் கத்தரி போட்டது. கொடுக்கு இரண்டையும் முறுக்கி எடுத்தார், பெரிய கால்களையும் எடுத்தார். "இந்த ஓட்டையில இருந்து தண்ணி கசியும், அந்த வாசந்தான் அவனக் கூட்டிட்டு வரும்" என்றார். கால் இருந்த துவாரத்தில் கொக்கியை நுழைத்து, ஓட்டின் ஓரமாக முனையை வெளியே எடுத்தார். நடுவில் குத்தினால் ஓடு பிளந்துவிடுமாம். பாறையின் அடிவாரத்துக்கு ஈயக்குண்டோடு இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

விஷயத்தைப் பேச இதுதான் நேரம். மகளின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. தொண்டையைச் செருமினேன்.

"சம்பந்தி, கல்யாணம்..."

"ம்?"

திரும்பினார். அந்தக் கல் முகம். அதைப் பார்த்ததும் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மெத்து நண்டு மாதிரி கழன்று எங்கேயோ போய் விழுந்தது. வாயிலிருந்து வந்தது இதுதான்: "கல்யாணத்துல நண்டு பெரட்டல் வைக்கலாமா?"

"தாலி கட்டுற எடத்துல கவிச்சியா? சைவம்தான்."

"சரிதான், சரிதான்."

ஒரு நண்டுப் பெரட்டலோடு மகளின் வாழ்க்கை முடிந்தது என்று உட்கார்ந்திருந்தேன். அவர் பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்திருந்தார். ஊற்றுவதற்கு எழுந்தவர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தூண்டிலை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் புடிங்க. சும்மா புடிங்க. டக்கு டக்குன்னா இழுக்காதீங்க, அது சில்லற. அவன் வந்தா ஒங்களுக்கே தெரியும்."

வந்தான். தெரிந்தது. கம்பு வில்லாக வளைந்து என் தோளைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ரீல் கதறியது. சம்பந்தி காப்பியைக் கடலில் வீசிவிட்டுப் பாய்ந்து வந்தார்.

"கெராப்பு! கெராப்பு! குடுங்க இங்க! பாறைக்குள்ள பூந்துடுவான்!"

கெராப்பு என்றால் பாறை இடுக்கில் குடியிருக்கும் பெருவாய் மீன். அவர் கண்ணில் அப்படி ஓர் ஒளி. என் குசும்பு பிடித்த மூளை எப்போதும் வேலை செய்யக் கூடாத நேரத்தில்தான் வேலை செய்யும். கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நின்றேன்.

"கல்யாணம் மலையில வைக்கிறோம்னு சொல்லுங்க, குடுக்கறேன்."

"என்னாது?"

"எங்க தோட்டத்துக் கோயில்ல. சொல்லுங்க!"

"யோவ் சம்பந்தி, வெளையாடறீங்களா? நூல விடாதீங்க, இழுத்துப் புடிங்க!"

"சொன்னாத்தான் இழுப்பேன்!"

"மலையோ மடுவோ, எங்கயாச்சும் வைங்கய்யா! குடுங்க!"

கொடுத்தேன். அதற்குள் நூல் தளர்ந்துவிட்டது. அவர் சுற்றினார், நூல் வந்தது, வந்தது, நின்றது. பாறையை இழுத்தது போல நின்றது. அவன் இடுக்குக்குள் போய் வயிற்றை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சம்பந்தி படகின் இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் போய் இழுத்தார், நூலைக் கையில் பிடித்துக் கெஞ்சுகிறவர் மாதிரி தட்டித் தட்டிப் பார்த்தார். பட்டென்று அறுந்தது.

அவர் திட்டவில்லை. ரீலைத் துணியால் துடைத்தார். துணியை மடித்தார். வெல்வெட் உறையை எடுத்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நங்கூரத்தைத் தூக்கப் போனவரிடம், ஜோக்கு எதுவும் கையில் இல்லாத காரணத்தால், உள்ளதைச் சொன்னேன்.

"சம்பந்தி, அது என் கோரிக்கை இல்ல. மகளோடது. அவள வளத்ததுல பாதி எங்க லயத்து ஜனம். ஆயா ஒருத்தங்க இருக்காங்க, வண்டியில ஏறுனா தாங்க மாட்டாங்க. அவங்க முன்னால தாலி ஏறணும்னு ஆசப்படுது. அன்னிக்கி தெரியாமத் தலையாட்டிட்டேன். அத மாத்தத்தான் வந்தேன். மீனுக்காக வரல. எனக்கு மீன் பிடிக்கவே தெரியாது."

"கடைசியா சொன்னது தெரியும்" என்றார்.

கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"மருமக கேட்டுச்சுன்னு மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயத்துல ஜோக்கா வருது."

"அன்னிக்கி நான் ஏன் அப்படி இருந்தேன்னு தெரியுமா?" சுற்றிலும் பார்த்தார். கடலில் எங்களைத் தவிர யாருமில்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினார். "ஒங்க மலை ரோட்டு வளைவு. வயித்தப் பெரட்டிக்கிட்டு இருந்துச்சு. வாயத் தொறந்தா ஒங்க வீட்டு நடுக்கூடத்துலயே... அதான் பேசல. நீங்க வேற தொரை, ஜீப்பு, கூரைன்னு பேசப் பேச எனக்கு இன்னும் சுத்துது. கடல்ல எவ்வளவு அலை அடிச்சாலும் ஒண்ணும் ஆவாது. மலை ஏறுனா முடிஞ்சேன். மறுபடி ஏற வேண்டாமேன்னுதான் மண்டபம்னேன்."

நான் கண்ட கல் முகம், குமட்டலை அடக்கிய முகம். அதன் எதிரில் உட்கார்ந்துதான் என் வாழ்நாள் சரக்கையெல்லாம் இறக்கியிருக்கிறேன்.

"அப்ப ஏர்கான்?"

"அது சும்மா வாயில வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என் வரலாற்றிலேயே முதல் தடவை.

"சரி" என்றார். "மலையிலயே வைங்க. மாத்திரை போட்டுக்கிட்டு வர்றோம். ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க."

"கல்யாணத்துல நீங்க மைக்கப் புடிக்கக் கூடாது."

மகளின் ஆசையா, மைக்கா என்று உண்மையிலேயே ஒரு கணம் யோசித்தேன். அப்புறம் கை கொடுத்தேன்.

கல்யாணம் எங்கள் மாரியம்மன் கோயிலில் நடந்தது. யாரும் லீவு கேட்க வேண்டி வரவில்லை. துரையே வந்து உட்கார்ந்துவிட்டார், அப்புறம் யார் இலை பறிப்பது? மாப்பிள்ளை வீட்டுப் பேருந்து வந்து நின்றபோது பட்டு உடுத்திய கடலோரத்து ஜனம் பச்சை முகத்தோடு ஒவ்வொருவராக இறங்கியது. ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நடந்து வந்தார்கள். எங்கள் லயத்துப் பெண்கள் அதை அவர்கள் குடும்ப வழக்கம் என்று நினைத்துத் தாங்களும் பழம் எடுத்துவந்து எதிரில் நின்றார்கள். சம்பந்தி யாரிடமும் பேசாமல் கல் முகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். என்ன கம்பீரம் பார் என்று எங்கள் ஆட்கள் கிசுகிசுத்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆயாவை நாற்காலியோடு தூக்கிவந்து மணவறைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவர் கெட்டிமேளத்துக்கு முந்தியே அட்சதையைப் போட்டுவிட்டார். மகள் சிரித்துவிட்டாள். ஐயர் முறைத்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு முறைப்படி மேளம் கொட்டியது, தாலி ஏறியது. ஆயா மறுபடியும் அட்சதை போட்டார்.

இஞ்சி டீ உள்ளே போனதும் சம்பந்திக்கு முகம் தெளிந்தது. தெளிந்தவர் நேராகப் போய் மைக்கைப் பிடித்தார். அதற்கு முன்னால் அவர் மைக்கைத் தொட்டதே இல்லையாம், அவர் மனைவி என்னிடம் சொன்னார். கூடை, டப்பா, அமுக்கிப் பார்த்தது, அன்னதானம், பேரம், ஒன்றையும் விடவில்லை. முத்தல் இலைக்காக என்னிடம் திட்டு வாங்காதவர்கள் எங்கள் லயத்தில் ஒருவரும் இல்லை. கோயில் கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். பங்களாதேஷ் தம்பிகளுக்கு யாரோ மலாயில் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்கள் ஒரு நிமிஷம் தாமதமாகச் சிரித்தார்கள். கடைசியில் அவர் இரண்டு கையையும் விரித்து மீனின் நீளத்தைக் காட்டினார்.

எனக்கு நாக்குத் துடித்தது. மகள் மணவறையிலிருந்து என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

மைக்கைத் தொடக் கூடாது என்றுதான் பேச்சு. பாயசக் கரண்டியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தி ஆரம்பித்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வோர் இலைக்கும் ஒரு கரண்டி பாயசம், கூடவே என் பக்கத்துக் கதை. கடைசி வரிசைக்கு வந்தபோது பாயசம் தண்ணியாகிவிட்டது, மீன் கெட்டியாகிவிட்டது.

அந்த வரிசையில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். அவர் இலையில் மட்டும் சத்தமில்லாமல் ஊற்றிவிட்டு நகர்ந்தேன்.

"நில்லுங்க" என்றார். "மீனு எவ்வளவு பெருசுன்னு சொல்லிக்கிட்டு வர்றீங்க?"

கரண்டியை வாளியில் போட்டுவிட்டுக் காட்டினேன். அவரும் கை விரித்துக் காட்டினார். பக்கத்து இலைக்காரர் சாம்பாரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த மீனை நாங்கள் இரண்டு பேருமே கண்ணால் பார்த்ததில்லை.

"ரெண்டு வீடும் ஒண்ணாயிடுச்சு" என்றார், என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. "இனிமே ஆளுக்கொரு அளவு சொன்னா நல்லா இருக்காது சம்பந்தி."

"ஒங்க கையையே வச்சிக்குவோம். மாப்பிள வீட்டுக் கை, நீளம்."

அவர் சிரித்தார். சத்தமாக, பல் தெரிய. பிறகு இலையைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளி, "இன்னொரு கரண்டி ஊத்துங்க. முந்திரியா பாத்துப் போடுங்க" என்றார்.